நீண்ட தூர பைக் பயணத்துக்கு ஏர் சீட்: வாங்குவது முதல் காற்றளவு பிடிப்பது வரை

போன வருஷம் பொங்கல் முடிந்த வாரம் கடலூரிலிருந்து மதுரைக்கு பைக்கில் கிளம்பினேன். புதிதாக வாங்கிய ஏர் சீட்டை, அதாவது வண்டிச் சீட்டின் மேல் கட்டும் காற்று மெத்தையை, நன்றாக உப்பும்வரை ஊதி, பட்டையை இழுத்துக் கட்டி, இனி முதுகுவலி இல்லை என்ற நம்பிக்கையோடு விடியற்காலை நாலரைக்கு வண்டியை எடுத்தேன். பண்ருட்டி தாண்டுவதற்குள் வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் என்று ஆட்டம். பிரேக் பிடித்தால் டேங்க் மேல் வழுக்கிக்கொண்டு போனேன். உளுந்தூர்பேட்டையில் டீக்கு நிறுத்தியபோது வாலெலும்பு தெறித்தது. மெத்தையைக் கழற்றிப் பையில் திணித்துவிட்டு மீதி வழியை வெறும் சீட்டில்தான் ஓட்டினேன்.

அந்த மெத்தையில் எந்தக் குறையும் இல்லை. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று எனக்குச் சொல்லத்தான் ஆள் இல்லை. மூன்று மாதம் தடுமாறி, ஒரு மெத்தையைக் கெடுத்து, கொஞ்சம் பணமும் விட்டுத்தான் கற்றுக்கொண்டேன். கடலூர், புதுச்சேரி பக்கத்திலிருந்து முதல்முறையாக நீண்ட தூரம் கிளம்புகிறவர்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. முதலில் வலி எங்கே என்று பாருங்கள்

எல்லா வலிக்கும் ஏர் சீட் தீர்வு ஆகாது. வாங்குவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் வண்டியில் ஒன்றரை மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டிப் பாருங்கள்.

பிட்டத்தில் இரண்டு பக்கமும் இரண்டு எலும்பு முட்டும். சைக்கிள் ஓட்டினவர்களுக்கு நன்றாகவே தெரியும். அந்த இடம் எரிந்தாலோ, மரத்துப்போனாலோ ஏர் சீட் உதவும். உடல் எடை முழுவதும் அந்த இரண்டு புள்ளியில் இறங்கி ரத்த ஓட்டத்தை நெருக்குவதால் வருவது அது.

கழுத்து, தோள், மணிக்கட்டு வலித்தால் அது ஹேண்டில் உயரத்தையும் நீங்கள் குனியும் விதத்தையும் சேர்ந்த விஷயம். ஒரே பக்கம் மட்டும் இடுப்பு வலித்தால் பின் பாக்கெட்டைத் தொட்டுப் பாருங்கள். பர்ஸை அங்கே வைத்துக்கொண்டு 200 கிலோமீட்டர் ஓட்டினால் எந்த மெத்தையும் காப்பாற்றாது. பர்ஸ், போன், சாவிக்கொத்து எல்லாம் முன்பக்கம் அல்லது டேங்க் பைக்குள் போகட்டும். பின்பக்கம் தடித்த தையல் உள்ள ஜீன்ஸும் அப்படித்தான்.

டிஸ்க் பிரச்சினை, மூலம், சர்க்கரையால் கால் மரத்துப்போவது இதெல்லாம் ஏற்கெனவே இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் பயணத்தை முடிவு செய்யுங்கள்.

2. எந்த வகை, எவ்வளவு செலவு

கடையில் ‘ஏர் குஷன்’ என்று கேட்டால் மூன்று விதமான பொருளை எடுத்துக் காட்டுவார்கள்.

ஒன்று, சாதாரண ஊதும் தலையணை மாதிரி ஒரே அறை கொண்டது. ஐந்நூறு, அறுநூறு ரூபாய்க்குக் கிடைக்கும். மதுரைப் பயணத்துக்கு முன்பு நான் முதலில் வாங்கியது இதுதான், இரண்டாவது வாரமே தையல் விட்டது. ஒரே அறை என்பதால் இடது பக்கம் சாய்ந்தால் காற்று மொத்தமும் வலது பக்கம் ஓடிவிடும். வாங்காதீர்கள்.

இரண்டு, மருந்துக்கடையில் விற்கும் வளைய மெத்தை. மூலம் உள்ளவர்கள் நாற்காலியில் போட்டு உட்காருவதற்கானது. பைக்கில் அது நிற்காது, நடுவில் உள்ள ஓட்டை வேறு தோலை இழுக்கும்.

மூன்றாவதுதான் நமக்கு வேண்டியது. சின்னச் சின்னக் கூடுகளாகப் பல காற்றறைகள், ஒன்றுக்கொன்று மெல்லிய வழியால் இணைந்திருக்கும். எலும்பு அழுத்தும் இடத்திலிருந்து காற்று மெதுவாகத் தொடைப் பக்கக் கூடுகளுக்கு நகர்ந்து எடையைப் பரப்பிக் கொடுக்கும். சக்கர நாற்காலியில் நாள் முழுக்க இருப்பவர்களுக்கு அழுத்தப் புண் வராமலிருக்கக் கொடுக்கும் மெத்தையும் இதே முறைதான். நம் நாட்டிலேயே தயாராகும் நல்ல சீட் நான் விலை விசாரித்தபோது இரண்டாயிரத்திலிருந்து நாலாயிரம் ரூபாய்க்குள் இருந்தது. ஏர்ஹாக் மாதிரி வெளிநாட்டு மெத்தை பத்தாயிரத்தைத் தாண்டும். வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைத்தால் சுங்க வரி தனி. கூரியர்காரர்கள் ஆதார் போன்ற அடையாளச் சான்றும் கேட்பார்கள். முதல்முறை வாங்குகிறவருக்கு உள்நாட்டுச் சீட்டே போதும் என்பது என் கருத்து.

இதோடு இன்னொரு வழியும் உண்டு. உங்கள் வண்டிச் சீட்டின் ஃபோம் அமுங்கிப்போய் அடித்தகடு தட்டினால், மேலே எந்த மெத்தை போட்டாலும் பயன் குறைவு. முதலில் சீட் கவர் தைக்கும் கடையில் கொடுத்து ஃபோமை மாற்றிக்கொள்ளுங்கள். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எனக்கு ஃபோமும் ரெக்சினும் சேர்த்து 1,400 ரூபாய் ஆனது. காலையில் கொடுத்தால் சாயங்காலம் கிடைத்துவிடும்.

3. அளவு எடுங்கள், குதிகாலையும் பாருங்கள்

சீட்டின் அகலத்தை நீங்கள் உட்காரும் இடத்தில் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். முன்பக்கம் குறுகும் இடம் தனி அளவு. மெத்தை சீட்டை விட அகலமாக இருந்தால் ஓரம் தொங்கித் தொடையில் உரசும். புல்லட் போன்ற தனித்தனிச் சீட்டுக்கு ஒரு வடிவம், பல்சர், அப்பாச்சி போல ஒல்லியாகப் போகும் சீட்டுக்கு ஒரு வடிவம் என்று விற்கிறார்கள். வண்டிப் பெயரைச் சொல்லிக் கேட்பதை விட, உங்கள் டேப் அளவைச் சொல்லிக் கேட்பது நல்லது.

பின்னால் உட்காருகிறவருக்கும் தனி மெத்தை உண்டு. வீட்டம்மாவோ அம்மாவோ கூட வருவதானால் அவர்களையும் யோசியுங்கள். ஹேண்டிலைப் பிடிக்கவும் முடியாமல், கால் மாற்றவும் முடியாமல் பின்னால் இருப்பவருக்குத்தான் வலி முதலில் வரும்.

உயரத்தை மறந்துவிடாதீர்கள். சரியான காற்றளவில்கூட மெத்தை ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் ஏற்றிவிடும். ஏற்கெனவே நுனிக்காலில் நிற்கிறவர் என்றால், புதுச்சேரி ராஜீவ் காந்தி சிலை சிக்னலில் பேருந்துக்கும் காருக்கும் நடுவில் நிற்கும்போது அந்த ஒரு சென்டிமீட்டர் எவ்வளவு பெரியது என்று தெரியும்.

4. வாங்கும்போது ரசீது, வீடியோ

இணையத்தில் வாங்கினால் கடலூருக்கு வந்து சேர நாலிலிருந்து ஆறு நாள் ஆகிறது. நாளை மறுநாள் பயணம் என்று வைத்துக்கொண்டு இன்று ஆர்டர் போடாதீர்கள். பார்சல் வர ஒரு வாரம், ஒத்திகை பார்க்க ஒரு வாரம் என்று இரண்டு வாரமாவது முன்னால் தொடங்குங்கள்.

பார்சலைப் பிரிக்கும்போது முகவரிச் சீட்டிலிருந்து தொடங்கி மெத்தையை ஊதி முடிக்கும்வரை இடைவெளியில்லாமல் ஒரே வீடியோவாக எடுத்துவையுங்கள். பிறகு முக்கால் அளவு ஊதி, ஒரு ராத்திரி அறையில் போட்டுவிடுங்கள். காலையில் தொய்ந்திருந்தால் அன்றே எழுதித் திருப்பியனுப்ப முறையிடுங்கள். நான் இதைச் செய்யாமல் பெட்டியை இரண்டு வாரம் அலமாரியில் வைத்திருந்தேன். திறந்து பார்த்தபோது வால்வில் கசிவு, திருப்பியனுப்பும் நாள் முடிந்திருந்தது. விற்றவர் ‘நீங்கள் உபயோகித்ததால் வந்தது’ என்று சொல்லிவிட்டார். என்னிடம் காட்ட ஒரு படம்கூட இல்லை.

வைத்துக்கொள்ள வேண்டியவை: ஜிஎஸ்டி எண் போட்ட பில், வாரன்டி அட்டை, வால்வும் தையலும் தெரிய எடுத்த இரண்டு படம். எல்லாவற்றையும் போனிலும் போட்டுவையுங்கள். வாரன்டி எதற்கெல்லாம் என்று ஒருமுறை படியுங்கள். முள் குத்தினது, சூடுபட்டது போன்றவற்றைப் பெரும்பாலும் சேர்க்க மாட்டார்கள்.

இந்த மெத்தைக்காக ஆர்சி புத்தகத்தில் எதுவும் மாற்ற வேண்டியதில்லை, கழற்றி மாட்டும் பொருள்தானே. பயணத்துக்கு வழக்கம்போல ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று, லைசென்ஸ் போதும். டிஜிலாக்கரில் இருந்தால் அதைக் காட்டலாம்.

5. மாட்டுவது

சீட்டைக் கழற்றி, பட்டையை அடித்தகட்டுக்குக் கீழே குறுக்காகக் கொண்டுவந்து க்ளிப் போட வேண்டும். மேலோடு சுற்றிக் கட்டினால் வழுக்கும். கழற்ற முடியாத சீட்டானால் பின்கைப்பிடிக் கம்பியில் கோத்துக்கொள்ளலாம்.

மிச்சமாகத் தொங்கும் பட்டை நுனிதான் ஆபத்து. அது சைலன்சர் மேல் பட்டால் உருகும், செயின் பக்கம் போனால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நுனியைச் சுருட்டி ரப்பர் பாண்டோ, ஜிப் டையோ போட்டு அடக்குங்கள். சீட்டைத் திரும்ப மாட்டியதும் இரண்டு கையாலும் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். பட்டை இடையில் மாட்டி லாக் சரியாக விழாமல் போவதுண்டு.

6. காற்றளவு: இங்கேதான் எல்லாரும் தவறுகிறோம்

மதுரைப் பயணத்துக்குப் பிறகு ஃபோம் மாற்றக் கொடுத்த இடத்தில்தான் எனக்கு விடை கிடைத்தது. அந்த சீட் தைக்கிற பெரியவர் என் மெத்தையை வாங்கிக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினார். விரல் உள்ளே போகவே இல்லை. “காத்து நெறைய இருந்தா அது பந்து தம்பி. பந்து மேல யாராச்சும் ஒக்காருவாங்களா?” என்றார். பிறகு வால்வைத் திறந்து, என்னை வண்டி மேல் உட்காரச் சொல்லி, “போதும்னு தோணுறப்போ சொல்லாத, இன்னும் கொஞ்சம் போகட்டும்” என்று பக்கத்திலேயே நின்றார்.

கூடுகள் நிரம்பியிருந்தால் காற்று நகர இடமில்லை. நகர முடியாத காற்று மரக்கட்டைக்குச் சமம். வெளியிலிருந்து பார்த்தால் ‘என்ன, காற்றே இல்லையே’ என்று தோன்றும் அளவில்தான் அது வேலை செய்யும். முறை இதுதான்:

வண்டியைச் சமதளத்தில் சென்டர் ஸ்டாண்ட் போடுங்கள். சைடு ஸ்டாண்டில் சாய்ந்திருந்தால் அளவு தப்பும். சென்டர் ஸ்டாண்ட் இல்லாத வண்டியானால் ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மெத்தையை முக்கால் பங்கு ஊதுங்கள். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியில் இருப்பது மாதிரி ஒரு ரப்பர் குமிழ் சில மெத்தையோடு வரும். இல்லாவிட்டால் வாயாலேயே ஊதலாம்.

பஞ்சர் கடையில் டயருக்கு அடிக்கும் கம்ப்ரஸரை மட்டும் வைக்காதீர்கள். டயருக்கு முப்பது பிஎஸ்ஐ பக்கம் வேண்டும். நாம் உட்காரும் மெத்தைக்கு ஒன்றிரண்டே அதிகம். குழாயை வைத்த நொடியில் கூடுகளுக்கு நடுவே உள்ள ஒட்டு பிரிந்துவிடும். நான் ஒன்றைக் கெடுத்தேன் என்றேனே, அது இப்படித்தான்.

நீங்கள் பயணத்தில் போடும் அதே பேண்ட், அதே ஷூவோடு ஏறி, ஹேண்டிலைப் பிடித்து ஓட்டும் நிலையில் உட்காருங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து அளவெடுத்தால் பயனில்லை. இப்போது வால்வை லேசாகத் திறங்கள். ‘ஸ்ஸ்’ என்று மெல்லப் போகட்டும். உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவது தெரியும். ஒரு கட்டத்தில் அந்த இரண்டு எலும்பும் அடிச்சீட்டைத் தொட்டு நிற்கும். அங்கே மூடுங்கள். அதற்குப் பிறகு குமிழால் ஒன்று அல்லது இரண்டு அழுத்து மட்டும் காற்றைத் திரும்பக் கொடுங்கள். எலும்புக்கும் சீட்டுக்கும் நடுவில் ஒரு விரல் தடிமன் இருந்தால் சரி. கையை அடியில் விட்டே பார்க்கலாம்.

இடுப்பை இடமும் வலமும் அசையுங்கள். படகு மாதிரி ஆடினால் இன்னும் காற்று அதிகம். எலும்பு ‘டொக்’கென்று தட்டினால் குறைவு.

சரியான அளவு கிடைத்ததும், காற்றை முழுக்க எடுத்துவிட்டு, அதே இடத்துக்கு வர எத்தனை அழுத்து ஆகிறது என்று எண்ணி எழுதிவையுங்கள். என் எடை 74 கிலோ, என் மெத்தைக்கு ஒன்பது அழுத்து. இந்த எண் வழியில் எங்கே மாட்டினாலும் அரை நிமிஷத்தில் வேலையை முடித்துக் கொடுக்கும்.

7. ஒத்திகை ஓட்டம்

முதல் நாள் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரி போய்த் திரும்புங்கள், ஐம்பது கிலோமீட்டர் போல வரும். வேகத்தடை, சிக்னல், நெரிசல் எல்லாம் உள்ள பாதை என்பதால் பிரேக் பிடிக்கும்போது வழுக்குகிறதா என்று தெரிந்துவிடும். அடுத்த ஞாயிறு நெய்வேலி வழியாக விருத்தாசலம் போய் வாருங்கள். புதுச்சேரிக்காரர்களுக்கு செஞ்சிக் கோட்டை நல்ல அளவு, ஒரு வழி 70 கிலோமீட்டர் சொச்சம்.

முதல் ஓட்டத்தில் மெத்தை விநோதமாகத்தான் இருக்கும். சாலையின் அதிர்வை உடம்பு நேரடியாக உணராததால் வண்டி கொஞ்சம் மிதப்பது போலத் தெரியும். இரண்டு மணி நேரத்தில் பழகிவிடும். பழகவே இல்லை என்றால் காற்றைக் குறைத்துப் பாருங்கள். பத்தில் ஒன்பது முறை அதுதான் மருந்து.

வலி இல்லை என்பதற்காக இடைவேளையை விட்டுவிடாதீர்கள். இந்த மெத்தை கொண்டுவரும் புதுத் தவறு அது. முன்பு வலி நம்மை நிறுத்தியது. இப்போது அது இல்லாததால் இரண்டரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டிவிட்டு இறங்கும்போது முட்டி மடங்காது, கண்ணும் சோர்ந்திருக்கும். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி, ஐந்து நிமிஷம் நடந்து, தண்ணீர் குடியுங்கள். ஈசிஆரில் சென்னை போகிறவர்களுக்கு மரக்காணம் சரியான நிறுத்தம். உப்பளம் பார்த்துக்கொண்டே காலை நீட்டலாம்.

8. மலை ஏறினால் காற்றை விடுங்கள்

இதை என்னிடம் யாருமே சொன்னதில்லை. ஆத்தூர், சேலம் வழியாக ஏற்காடு போனபோதுதான் கண்டுபிடித்தேன். கடலூரில் ஒன்பது அழுத்தில் சரியாக இருந்த மெத்தை, கொண்டை ஊசி வளைவுகள் ஏற ஏறக் கல்லாகிக்கொண்டே வந்தது. யாரோ காற்றடித்துவிட்டது போல இருந்தது.

நாம் இருப்பது கடல் மட்டம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மெத்தைக்குள் அடைபட்ட காற்று விரியும். அந்த உயரத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் இடம் கேட்கும். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல், அங்கே இன்னும் அதிகம். கொண்டை ஊசி வளைவில் உடம்பைச் சாய்க்க வேண்டிய நேரத்தில்தான் மெத்தை உருளத் தொடங்கும் என்பதால் இது வெறும் சொகுசுப் பிரச்சினை மட்டும் இல்லை.

அடிவாரத்தில் ஒருமுறை, பாதி ஏற்றத்தில் ஒருமுறை ஓரமாக நிறுத்தி, வால்வைத் திறந்து, உட்கார்ந்தபடியே கொஞ்சம் விடுங்கள். கொல்லிமலை மாதிரி 70 கொண்டை ஊசி உள்ள பாதையில் நான் மெத்தையைக் கழற்றியே வைத்துவிடுகிறேன். அங்கே சீட்டை உணர்ந்து ஓட்டுவதுதான் எனக்கு நம்பிக்கையாக இருக்கிறது. இறங்கும்போது நேர்மாறு. கீழே வந்ததும் மெத்தை தொய்ந்து எலும்பு தட்டும். பஞ்சரோ என்று பயப்பட வேண்டாம், மீண்டும் நாலு அழுத்து கொடுத்தால் போதும்.

மே மாத வெயிலில் நிறுத்திய வண்டியிலும் சின்ன அளவில் இதுவே நடக்கும். கறுப்பு மெத்தை சுடுவதோடு காற்றும் விரிந்து இறுகிவிடும். நிறுத்தும்போது ஒரு துண்டைப் போட்டு மூடுங்கள், அல்லது வால்வைக் கொஞ்சம் தளர்த்திவிட்டுப் போங்கள்.

9. நம் ஊருக்கான கவனிப்பு

ஐப்பசி, கார்த்திகை மழையில் மெத்தை கெடாது, மேலே உள்ள துணி உறைதான் நீர் கோத்துக்கொள்ளும். வலை மாதிரித் துணியானால் சீக்கிரம் வடியும். நனைந்த உறையில் மணிக்கணக்கில் உட்கார்ந்தால் தொடை இடுக்கில் தோல் உரிந்துவிடும். மழை விட்டதும் உறையைக் கழற்றிப் பிழிந்து, முடிந்தால் அன்று உறையில்லாமல் மேலே ஒரு ரெக்சின் துண்டு போட்டு ஓட்டுங்கள்.

கடற்கரை ஊர் என்பதால் இரும்புக் கொக்கி வேண்டாம். உப்புக் காற்றில் ஒரே பருவத்தில் துருப்பிடித்து, பட்டையையும் அரித்துவிடும். பிளாஸ்டிக் க்ளிப் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

சில்வர் பீச்சிலோ புதுச்சேரி கடற்கரைச் சாலைப் பக்கமோ வண்டியை விட்டுவிட்டு நடக்கப் போனால் மெத்தையைக் கழற்றி எடுத்துப் போங்கள். இரண்டு க்ளிப் கழற்ற பத்து விநாடிதான் ஆகும், உங்களுக்கும் சரி, எடுக்க வருகிறவருக்கும் சரி.

அப்புறம், கருவேல முள். நிழலுக்கு ஓரமாக ஒதுங்கி, மெத்தையைத் தரையில் போட்டு உட்காரலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். ஓரத்தில் உட்கார்ந்துவிட்டு வண்டியில் ஏறும்போது பேண்டைத் தட்டிவிட்டு ஏறுங்கள். துணியில் ஒட்டிய ஒரு முள் போதும்.

10. பஞ்சர் ஆனால்

முழுக்க ஊதி, சோப்புத் தண்ணீரைத் துணியால் தடவுங்கள். குமிழி வரும் இடத்தில் பேனாவால் வட்டம் போட்டு, ஈரம் துடைத்து, காற்றை முழுக்க எடுத்த பிறகு ஒட்டுத்துண்டை ஒட்டுங்கள். மெத்தையோடு வந்த துண்டு இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். டயர் டியூபுக்கு ஒட்டும் ரப்பர் ஒட்டு இந்தப் பொருளில் பிடிக்காமல் போகலாம். ஒட்டிய பிறகு ஒரு ராத்திரி முழுக்க விட்டுவைக்க வேண்டும். வழியில் ஆனால் மெத்தையைக் கழற்றிவிட்டு, ஒரு தடித்த துண்டை நாலாக மடித்துப் போட்டுக்கொண்டு ஊர் போய்ச் சேருங்கள். நான் எப்போதும் பையில் ஒரு துண்டு வைத்திருப்பது இதற்காகவும்தான்.

கசிவு வால்வில் என்றால் ஒட்டிச் சரிசெய்ய முடியாது. பில்லையும் வீடியோவையும் எடுத்துக்கொண்டு வாரன்டி கேளுங்கள்.

பயணம் இல்லாத மாதங்களில் வால்வைத் திறந்து, மடிக்காமல் பாய் மாதிரி சுருட்டி, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். பரண் மேல் வெறுமனே போட்டால் எலி கடிக்கும். என் பக்கத்து வீட்டுத் தம்பியின் மெத்தை இரண்டே பயணத்தோடு அப்படித்தான் போனது.